முப்பத்தைந்து கட்டளைகளும் முப்பத்தோரு பாடுகளும்

ஏரிக்கரையில் எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர்க் கடை வைத்திருப்பவளுக்குப் பகை இரண்டு: ஒன்று உப்புக்காற்று, இன்னொன்று வாடிக்கையாளர். உப்புக்காற்றாவது வாயைத் திறக்காது.

கடை மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, நேற்றுவரை நன்றாகத்தான் இருந்தது என்ற வசனத்தைத் தினம் பத்துத் தடவை கேட்கிற ஆளா நீங்கள்? அப்படியானால் உங்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை, நாம் ஒரே ஜாதி. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் அம்சவேணி. மீஞ்சூரில் ஒரு கம்பெனியில் எட்டு வருஷம் கண்ட்ரோல் பேனலுக்கு ஒயர் மாட்டினேன். ரயிலில் நின்றுகொண்டே போய் வந்தது போதும் என்று தோன்றியதும் பழவேற்காடு பஜாரில் பாதிக் கடை வாடகைக்கு எடுத்தேன். மறுபாதியில் டேவிட் செல்போன் பழுது பார்க்கிறான். மிக்சி, எமர்ஜென்சி லைட், படகு பேட்டரிக்கான சார்ஜர் என்று என் பிழைப்பு நிம்மதியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வாய் சும்மா இருக்காமல் எங்கள் குப்பத்துக்கு ஒரு பெட்டி செய்து தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

அதற்கு முன் பாடு என்றால் என்னவென்று தெரிய வேண்டும். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இறால் ஓடுகிற இடம் ஒன்று எங்கள் குப்பத்துக்கு உண்டு. அங்கே ஒரு நாளைக்கு ஒருவர்தான் கழி நட்டு வலை கட்டலாம். அந்த முறைக்குத்தான் பாடு என்று பேர். சீட்டுக் குலுக்கி வரிசை எழுதுவார்கள். குப்பத்துத் தலைவருக்கு மட்டும் மரியாதைக்காக முதல் எண், மற்றவர்களுக்குச் சீட்டில் வந்ததுதான். கல்யாணம் ஆனவனுக்கே வரிசையில் இடம். மொத்தம் முப்பத்தோரு பேர்.

என் தம்பி தேசப்பன் பத்து வருஷமாக அடுத்தவன் பாடு நாளில் கழி தூக்கியவன். ஆவணியில் அவனுக்குக் கல்யாணம் ஆனது. ஐப்பசியில் குலுக்கியபோது முதல்முறையாக அவன் பேரிலும் ஒரு சீட்டு விழுந்தது, இருபத்துமூன்றாவது எண். மழை விட்டு முகத்துவாரம் திறந்துகொள்கிற நாட்களில் அவன் முறை வரும். அதைத் தவறவிட்டால் அடுத்த சுற்று வருவதற்குள் இறால் ஓட்டம் நின்றுவிடும். என் தம்பியின் முதல் பாடு நான் செய்கிற பெட்டியை நம்பி இருந்தது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பெட்டிக்கு ஆர்டர் கொடுத்தவர்

அதுவரை பாடு வரிசை சமுதாயக் கூடத்துக் கரும்பலகையில்தான் இருந்தது. சாக்பீஸ் எழுத்து மழைச் சாரலில் அழியும், சிலசமயம் சாரல் அடிக்காமலும் அழியும். இன்று யார் முறை என்று காலையில் தொடங்குகிற சண்டை மதியம்வரை போகும். சண்டையில் முதல் ஆள் ரத்தினம் மாமா. எங்களுக்கு ஒருவகையில் சொந்தம், வரிசையில் இருபத்துநாலு, குரலில் ஒன்று.

தலைவர் கடைக்கே வந்தார். தினம் மதியம் பன்னிரண்டு மணிக்கு அடுத்த எண்ணைத் தானாகவே காட்டுகிற மாதிரி, தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரிகிற பெரிய சிவப்பு எழுத்தில் ஒரு பெட்டி வேண்டும் என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. ஊருக்கு நவீன வசதி கொண்டுவர நினைக்கிறாரே என்று கொஞ்சம் பாராட்டியும் வைத்தேன். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு நிஜமான காரணத்தைச் சொன்னார்.

"வசதியாவுது ஒண்ணாவுது. ரத்தினம் வந்து கத்துனா பொட்டி சொல்லிச்சின்னு சொல்லிடுவேன். போயி பொட்டியாண்ட சண்டை போடட்டும்."

எடு, வை

பெட்டிக்குள் வைக்க எட்டு பிட் மைக்ரோகண்ட்ரோலர் சிப் ஒன்று வாங்கினேன். பதினெட்டு கால், கட்டைவிரல் அளவு. கம்பெனியில் இதையெல்லாம் வேறு யாரோ எழுதிக் கொடுப்பார்கள், நான் ஒயர் மாட்டுவதோடு சரி. இப்போது எழுதுகிறவளும் நானே. அதற்குத் தெரிந்த கட்டளைகள் மொத்தம் முப்பத்தைந்து. அந்தப் பட்டியலை அச்செடுத்துக் கடைச் சுவரில் ஒட்டிவைத்து, சால்டரிங் கம்பி சூடாகிற நேரத்திலெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வாரம் ஒன்றும் ஏறவில்லை. பிறகுதான் விஷயம் பிடிபட்டது. இந்தச் சிப்புக்கு ஒரே ஒரு கைதான். உள்ளே எத்தனையோ பெட்டகங்கள் இருக்கின்றன, ஆனால் ஒன்றில் இருப்பதை இன்னொன்றுக்கு நேராக மாற்றத் தெரியாது. முதலில் கையில் எடுக்க வேண்டும், பிறகு கையிலிருந்து வைக்க வேண்டும். கூட்டுவது, கழிப்பது, ஒப்பிடுவது எல்லாமே அந்த ஒரு கை வழியாகத்தான். பெருக்கல் தெரியாது, திரும்பத் திரும்பக் கூட்டிக்கொள்ளும். வகுத்தல் பக்கமே போகாது. இருநூற்று ஐம்பத்தைந்துக்கு மேல் ஒரு எண்ணைக் கேட்டால் கையை விரித்துவிடும்.

இதைப் புரிந்துகொண்ட சந்தோஷத்தில் டேவிடைக் கூப்பிட்டு அரை மணி நேரம் விளக்கினேன். அவன் செல்போன்களின் மூளையைப் பார்த்துப் பழகியவன். சிப்பை இடுக்கியால் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மூளை இத்துனூண்டு. இதுக்குப் போயி பதினெட்டு காலு எதுக்குக்கா?"

முதல் வரிக்குப் போ

கார்த்திகை முதல் நாள் பெட்டியைக் கூடத்துச் சுவரில் மாட்டினோம். கற்பூரம்கூடக் காட்டினார்கள். ஒன்று என்று சிவப்பாக எரிந்தது. தலைவர் பாடு. மறுநாள் மதியம் இரண்டு, அதற்கடுத்த நாள் மூன்று. நான் தெருவில் நடந்தால் இரண்டு பேர் எழுந்து நின்றார்கள்.

ஆறாம் நாள் கரண்ட் போய் வந்தது. இந்தச் சிப்பின் குணம், தூங்கி எழுந்தால் தன் புரோகிராமின் முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்கும். முதல் வரியில் நான் என்ன எழுதியிருந்தேன்? எண்ணை ஒன்று என்று வை. அது சொன்னபடி வைத்தது. ஆறாவது ஆள் வலையோடு வந்து பார்க்கும்போது பெட்டியில் ஒன்று எரிகிறது. தலைவர் என்ன செய்வார் பாவம், பெட்டி சொன்ன பிறகு மீற முடியுமா என்று வலையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இரண்டு நாள் கழித்து மறுபடி கரண்ட் போனது, மறுபடி ஒன்று, மறுபடி தலைவர். மூன்றாம் தடவை கரண்ட் போனபோது அவர் படகில் கழியை ஏற்றிவைத்துவிட்டு விளக்கு வரக் காத்திருந்தார் என்று சொல்கிறார்கள். அதை நான் பார்க்கவில்லை.

தவறு என்னுடையதுதான். கரண்ட் போனாலும் மறக்காத ஒரு சின்ன நினைவறை அந்தச் சிப்புக்குள்ளேயே இருக்கிறது. எண்ணை அதில் எழுதி வைத்திருக்க வேண்டும். அன்றே கழற்றிக் கொண்டுவந்து சரிசெய்தேன். விட்டுப்போனவர்களுக்குக் கரும்பலகையைப் பார்த்து முறையைத் திருப்பிக் கொடுத்தார்கள். என் தம்பியின் நாள் நாலைந்து நாள் தள்ளிப்போனது, அவ்வளவுதான் நஷ்டம் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். ரத்தினம் மாமா கடைக்கு வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சத்தமே போடாமல் பேசினார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"கரண்டு போனா வெளக்கு அணையும்னு எனக்குத் தெரியும். தலைவரு வூட்ல எறாக் கொழம்பு கொதிக்கும்னு இந்த மாசந்தாம்மா தெரிஞ்சிது."

சும்மா இரு

அந்த முப்பத்தைந்தில் எனக்கு மிகவும் பிடித்த கட்டளை ஒன்று உண்டு. அதன் அர்த்தம், ஒன்றும் செய்யாதே. சிப் அந்த வரிக்கு வரும், ஒரு துடிப்பு நேரம் சும்மா இருக்கும், அடுத்த வரிக்குப் போகும். சிவப்பு எழுத்துகள் நடுங்காமல் எரிவதற்கு நடுநடுவே இப்படிக் கொஞ்சம் சும்மா இருக்க வைக்க வேண்டியிருந்தது.

தம்பி பெண்டாட்டி கௌரிக்கு இதை விளக்கிக்கொண்டிருந்தேன். அவள் இப்போதெல்லாம் தினம் கடைக்கு வந்து, எண் எதுவரை வந்திருக்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் மார்க்கெட்டுக்குப் போவாள். காட்டூரில் இருக்கிற தன் அம்மா வீட்டுக்கு, தன் வீட்டுக்காரர் பேரில் முதல் பாடு வருகிறது, ஒரு கூடை இறால் அனுப்புகிறேன் என்று சொல்லிவைத்திருந்தாள். தேசப்பனோ பத்து நாளாக வலையை விரிப்பதும் சுருட்டுவதுமாக இருந்தான், வேறு எந்த வேலையும் ஓடவில்லை. ஒன்றும் செய்யாமலிருக்கவும் ஒரு கட்டளை வேண்டுமா என்று கௌரி ஆச்சரியப்பட்டாள்.

"எங்க வூட்டுக்காரரு அதை யாரும் சொல்லாமலே செய்றாரு அண்ணி."

தாண்டு

எங்கள் ஊரில் ஒரு சாவு விழுந்தால், அடக்கம் முடிகிறவரை ஒருவரும் ஏரியில் இறங்கமாட்டார்கள். அன்று யாருடைய பாடோ அது கெடாது, அடுத்த நாளைக்கு நிற்கும். இதைப் பெட்டிக்குச் சொல்லிக்கொடுக்க மறந்துவிட்டேன் என்பது எண் எட்டுக்கு வந்தபோதுதான் ஞாபகம் வந்தது. உடனே ஒரு சுவிட்ச் வைத்தேன். சாவு என்றால் தலைவர் அதைப் போட வேண்டும், அது போட்டிருக்கிறவரை எண் மாறக் கூடாது.

சிப்பிடம் தாண்டல் கட்டளை இரண்டு வகை உண்டு. சுவிட்ச் போட்டிருந்தால் அடுத்த வரியைத் தாண்டு என்பது ஒன்று. போடாமலிருந்தால் தாண்டு என்பது மற்றது. அடுத்த வரியில் இருப்பது, ஒன்றைக் கூட்டு. நான் எதை எழுதியிருக்க வேண்டும் என்று உங்களுக்கே தெரிகிறது. நான் மற்றதை எழுதினேன்.

மறுநாள் மதியம் எண் ஒன்பதுக்கு வரவில்லை, எட்டிலேயே நின்றது. அதற்கும் மறுநாளும் எட்டு. எட்டாம் எண் கன்னியப்பன் மூன்று நாள் தொடர்ந்து வலை கட்டினான். வழியில் பார்த்தபோது என்னை அக்கா என்று கூப்பிட்டான், அதுவரை பேர் சொல்லிக் கூப்பிட்டவன். மூன்றாம் நாள் தெற்குத் தெருவில் ஒரு பெரியவர் இறந்துபோனார். தலைவர் போய் முறைப்படி சுவிட்சைப் போட்டார். கூட்டம் கூடிப் பார்த்துக்கொண்டிருக்க, மதியம் பன்னிரண்டுக்குப் பெட்டி உற்சாகமாக எட்டிலிருந்து ஒன்பதுக்குத் தாவியது. மீன் விற்கிற பாக்கியம் அக்கா இடுப்பில் கூடையோடு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்போ பாடு மாறணும்னா தெனம் ஒர்த்தரு போயிச் சேரணுமா அம்சா? நாளைக்கு யாருன்னும் பொட்டியே சொல்லிடுமா?"

ஒன்றைக் குறை

தாண்டல் வரியைத் திருத்திக் கொடுத்தேன். இத்தனை குளறுபடிக்குப் பிறகு, எண்ணை முன்னே பின்னே நகர்த்தித் திருத்த ஒரு பொத்தான் இருந்தால் நல்லது என்றார் தலைவர். வைத்துக் கொடுத்தேன். ஊர்க்கூட்டத்தில் எல்லாரும் பார்க்க அவர் அதை அமுக்கிக் காட்டினார். பத்து, ஒன்பது, எட்டு என்று இறங்கியது. கைதட்டினார்கள். மனுஷனுக்கு உற்சாகம் தாங்கவில்லை, விடாமல் அமுக்கினார். இரண்டு, ஒன்று, பூஜ்யம். அதற்கும் ஒரு அமுக்கு. எட்டு பிட்டில் பூஜ்யத்திலிருந்து ஒன்றைக் குறைத்தால் இருநூற்று ஐம்பத்தைந்து வரும். மைலேஜ் மீட்டரைப் பின்னால் சுற்றினால் எல்லாம் ஒன்பதாகிவிடுகிற மாதிரிதான் இதுவும். சிப்புக்கு அது சரியான கணக்கு. கூடத்துச் சுவரில் 255 என்று எரிந்தது, கைதட்டல் நின்றது. ரத்தினம் மாமா விரலை மடக்கிக் கழித்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"கீற முப்பத்தோரு பேருக்கே எறா பத்தல. மீதி எரநூத்தி இருவத்திநாலு பேரை எங்கேர்ந்தும்மா இட்டாந்த?"

ரத்தினம் மாமாவின் சட்டம்

அதே கூட்டத்தில் அவர் ஒரு சட்டம் கொண்டுவந்தார். எண்ணைச் சரியாக வைத்துவிட்டுப் பொத்தானைப் பிடுங்கி எறிய வேண்டும். சாவு சுவிட்சுக்கு இரும்பு மூடி போட்டுப் பூட்ட வேண்டும், சாவி தலைவர் இடுப்பில். மதியம் பன்னிரண்டுக்குப் பெட்டி என்ன காட்டுகிறதோ அதுதான் முறை, அதற்குப் பிறகு யாரும் மாற்றக் கூடாது. செய்தவள் என்ற உரிமையில் நான் தொடக் கூடாது என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னார். எல்லாரும் சரி என்றார்கள். எனக்குக் கோபம் வந்தாலும் நியாயம்தானே என்று தோன்றியது. தேசப்பன் மட்டும் என்னிடம் வந்து, பெட்டி இனிமேல் ஒழுங்காக இருக்குமா என்று கேட்டான். சத்தியம் செய்து கொடுத்தேன்.

பெட்டி ஒழுங்காகத்தான் இருந்தது. பதினைந்து, இருபது, இருபத்திரண்டு என்று ஒரு பிசகும் இல்லாமல் ஓடி, ஒருநாள் மதியம் இருபத்துமூன்று எரிந்தது. கௌரி கூடத்துக்கு வந்து நின்று பார்த்தாள். தேசப்பன் படகில் கழியும் வலையும் ஏற்றி முடித்து, துடுப்பைக் கையில் எடுத்தான். அப்போது வடக்குத் தெருவிலிருந்து செய்தி வந்தது. ஒரு சாவு. தேசப்பன் கழிகளை ஒவ்வொன்றாக இறக்கி வைத்தான். போனால் என்ன, நாளைக்கும் இருபத்துமூன்றுதானே என்றேன். அதற்குத்தானே சுவிட்ச்.

மறுநாள் அடக்கம். ஆண்கள் எல்லாரும் இடுகாட்டுக்குப் போயிருந்தார்கள், தேசப்பனும் தலைவரும் உட்பட. பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது தற்செயலாகக் கூடத்துக்குள் எட்டிப் பார்த்தேன். சுவிட்ச் மூடி பூட்டியே இருந்தது. சாவு வேலை அலைச்சலில் தலைவர் சுவிட்சைப் போட மறந்துவிட்டார். சாவி அவர் இடுப்போடு இடுகாட்டில் இருக்கிறது. ஃபோன் அடித்தேன். அது அவர் வீட்டுத் திண்ணையிலேயே மணி அடிப்பது எனக்குக் கூடம்வரை கேட்டது.

இந்த இடத்தில் உங்களிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வழி தெரியும். பெட்டியின் பிளக்கைப் பன்னிரண்டுக்கு முன் பிடுங்கி, இரண்டு நிமிஷம் கழித்துச் செருகினால் போதும். எண் நினைவறையில் பத்திரமாக இருக்கும், தனி பேட்டரியில் ஓடுகிற கடிகாரம் பன்னிரண்டைத் தாண்டிவிடும், கூட்டுகிற நேரம் மட்டும் தவறிப்போகும். கூடத்தில் ஒருவரும் இல்லை. கையைப் பிளக்கில் வைத்தேன். ஆனால் வேறு யாருடைய எண்ணாக இருந்தாலும் பிடுங்கியிருப்பேன். அக்காள் பெட்டி செய்தாள், தம்பிக்குப் பாடு நின்றது என்று ஒரு பேச்சு வந்தால் அவன் ஆயுசுக்கும் அதைச் சுமக்க வேண்டும். கையை எடுத்துவிட்டேன். என் கண்ணெதிரே, நான் எழுதிய கட்டளைப்படியே, பெட்டி ஒன்றைக் கூட்டி இருபத்துநாலு ஆனது. அழுகை வந்தது. சிப்பைத் திட்டினேன், அதற்குக் காது கிடையாது.

இருபத்துநாலு யார் என்று உங்களுக்குத் தெரியும். அடக்கம் முடிந்து குளித்துவிட்டு எல்லாரும் கூடத்துக்கு வந்தார்கள். தலைவர் தலையில் அடித்துக்கொண்டார். சாவு விழுந்தால் பாடு கெடாது என்பது ஊர் வழக்கம், பெட்டி காட்டியதே முறை என்பது ஊர்ச் சட்டம், இரண்டும் ஒரே சுவரில் முட்டிக்கொண்டு நின்றன. தேசப்பன் மெதுவாக, சட்டம்னா சட்டம்தான், மாமா போகட்டும் என்றான். கௌரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். எல்லாரும் ரத்தினம் மாமாவையே பார்த்தார்கள். அவர் சட்டத்தை மாற்ற முடியாது, பெட்டி காட்டியபடி இன்று தன் பாடுதான் என்று உரக்கச் சொன்னார். பிறகு அதே குரலில், ஆனால் தனக்கு இன்றைக்கு முதுகு வலி, வலை கட்ட முடியாது, இடம் சும்மா கிடக்கக் கூடாது, பக்கத்தில் நிற்கிறவன் யாரோ அவன் போகட்டும் என்றார். பக்கத்தில் நின்றவன் தேசப்பன். தான் விட்ட பாடு விட்டதுதான், அடுத்த சுற்றில் இறால் இருக்காது என்பது அவருக்குத் தெரியாததல்ல.

ஒரு மணி நேரம் கழித்துக் கரைக்குப் போனேன். ரத்தினம் மாமா ஆறு கழிகளை ஒரே சுமையாகத் தோளில் தூக்கி வந்து என் தம்பியின் படகில் போட்டுக்கொண்டிருந்தார். முதுகு வலி எப்படி இருக்கிறது மாமா என்று கேட்டேன். அவர் முறைத்தார்.

"உன் பொட்டி மட்டுந்தான் தப்பு காட்டணுமா? என் முதுவு காட்டக் கூடாதா?"

பெட்டியில் இருபத்துநாலும் ஏரியில் இருபத்துமூன்றும் இருந்த அந்த ஒரு நாள்தான், என் கடைக்கு ஒரு புகார்கூட வராத நாள்.